மூடுவிழா

துணியைப் பற்றி மதுரைச் செல்லூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த தெருக்கள் இவை. துணியை உடுத்தலாம், போர்த்தலாம், தூளி கட்டலாம், கடைசியில் கோடித்துணியாக மேலே போடலாம். கால்வாய்க்கும் கட்டலாம் என்பது மட்டும் 2025 மே 31 வரை எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

அன்று முதலமைச்சர் மதுரைக்கு வந்தார். மறுநாள் உத்தங்குடியில் கட்சிப் பொதுக்குழு. முந்தின நாள் ஊருக்குள் வாகன ஊர்வலம். போகிற வழியில் பந்தல்குடி கால்வாய் கிடந்தது, கறுத்துப்போய், குப்பை மிதக்க, தன் பாட்டுக்கு. அதை என்ன செய்வது? தூர்வாரலாம் என்றால் வருஷக்கணக்காகும். அதில் வந்து விழும் சாக்கடைக் குழாய்களை அடைக்கலாம் என்றால் பத்து மேசை தாண்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். துணி கட்டுவதற்கு நாலு சவுக்குக் கம்பும் ஒரு பந்தல்காரரும் போதும். கட்டிவிட்டார்கள். பந்தல்குடிக்கே பந்தல் போட்டார்கள்.

"அங்கிட்டு மறைச்சுட்டா நாத்தம் இங்கிட்டு வராதாக்கும்?" என்று கேட்டார் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா. அவர் பொறியியல் படித்தவரில்லை. படித்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

விஷயம் ஊர் பூராவும் சிரிப்பாய்ச் சிரித்தது. கடைசியில் முதல்வரே கரையில் வந்து நின்று கால்வாயைப் பார்த்தார். சாமிக்குத் திரை விலக்கித் தீபாராதனை காட்டுவதைப் பார்த்திருக்கிறோம். சாக்கடைக்குத் திரை விலக்கித் தரிசனம் நடந்தது அன்றைக்குத்தான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மதுரை நிர்வாகம் சிக்கனமானது. 2020 பிப்ரவரியில் டிரம்ப் வந்தபோது அகமதாபாத்தில் குடிசைப் பகுதியை மறைக்கச் சுவரே எழுப்பினார்கள். 2023-இல் ஜி-20 மாநாட்டுக்கு டெல்லி பச்சைத் துணிக்கு இறங்கி வந்தது. நாமும் துணியோடு நிறுத்திக்கொண்டோம். அந்தத் துணியைச் செல்லூர்த் தறிக்காரர்களிடம் வாங்கியிருந்தால் நாலு வீட்டில் அடுப்பாவது எரிந்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கால்வாய் யாருடையது, எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் துணியின் அருமை இன்னும் புரியும்.

பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதற்குக் கண்மாய் என்று பேர் வைத்துவிட முடியாது. உடம்பைப் போல அதற்கு உறுப்புகள் உண்டு. மேலே உள்ள கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அது கீழே உள்ளதற்கு வரத்து. வரத்துக்கால் வழியாக வருவது உள்வாயில் தேங்கும். கரை தாங்கும். மடை வழியே வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு ஏறி அடுத்த ஊருக்கு நடக்கும். ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் சோறு. ஆனையூர், ஆலங்குளம் பக்கத்து நீரெல்லாம் இப்படிப் படியிறங்கித்தான் செல்லூர் கண்மாய்க்கு வந்தது. செல்லூர் கண்மாயின் மிச்சம், நரிமேடு செல்லூர்ப் பக்கமாகப் பந்தல்குடி வழியே வைகைக்குப் போனது. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் ஓடிய உபரிநீர்க் கால்வாய் அது. இப்போது வருஷம் 365 நாளும் ஓடுகிறது. மதுரைக்கு ஜீவநதி இல்லை என்று இனி யாரும் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டுக் கழிப்பறைகள் உள்ளவரை பந்தல்குடி வற்றாது.

கண்மாயை யார் கொன்றது என்று கேட்டால் எல்லோரும் ஆக்கிரமிப்பாளரை நோக்கிக் கை நீட்டுவார்கள். கண்மாய் அதற்கு முன்பே செத்துவிட்டது. அதன் நீர் பாய்ந்த ஆயக்கட்டு வயல் மனையாக விற்றுப்போன அன்றே அதன் சாவுச்சீட்டு எழுதப்பட்டது. வயல் இருந்தபோது மடையைத் திறக்க நீர்பாய்ச்சி இருந்தார். வரத்துக்கால் அடைபட்டால் மண்வெட்டியோடு ஊரே போய் நிற்கும். குடிமராமத்து என்பதற்கு விளம்பரப் பலகை தேவைப்படாத காலம் அது. வயல் போனதும் கண்மாய்க்குச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. ஆயக்கட்டு இல்லாத கண்மாய் என்றால் அரசுக் காகிதத்தில் வேலையில்லாத பிள்ளை மாதிரி. வீட்டில் யார் வேண்டுமானாலும் திட்டலாம், யார் வேண்டுமானாலும் எடுபிடி வேலைக்கு அனுப்பலாம். கண்மாய் நீர்வளத்துறைக்கு. அதில் விழும் சாக்கடை மாநகராட்சிக்கு. கரையோர மனைக்குப் பட்டா வருவாய்த்துறை தரும். வீட்டுக்கு மின்சார வாரியம் மீட்டர் மாட்டும். வரி ரசீதும் வரும். வெள்ளம் வந்தால் மட்டும் அது இயற்கைச் சீற்றம்.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பதினைந்தே நிமிடத்தில் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியதாகக் கணக்குச் சொன்னார்கள். கணக்கு வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பந்தல்குடி கரை மீறியது. செல்லூர்த் தெருக்களில் முழங்காலுக்கும் மேலே நீர். அது நீரா? ஊர் முழுக்க முகம் கழுவிய, கால் கழுவிய, வேறு எல்லாமும் கழுவிய கலவை. அரிசிப் பானைக்குள்ளும் பீரோவின் கீழ்த்தட்டுக்குள்ளும் அதுதான் புகுந்தது. நீருக்கு ஞாபகசக்தி அதிகம் என்று கட்டுரையாளர்கள் அழகாக எழுதுவார்கள். சேறு அள்ளியவருக்கு அந்த அழகெல்லாம் உறைக்காது. நீருக்கு ஞாபகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்குத் தெரிந்தது சரிவு ஒன்றுதான். சரிவு எங்கே என்று ஓர் எருமைக்குத் தெரியும், நகரமைப்பு வரைபடம் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

சில நாட்களில் அறிவிப்பு வந்தது. செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய். வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறவரிடம் போய்ச் சிமென்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நேரத்தில் தண்ணீர் எப்படியாவது தொலைந்தால் போதும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கண்மாய் எதற்கு வெட்டப்பட்டது? ஓடுகிற நீரை நிறுத்த. இப்போது அந்தக் கண்மாய்க்கு நாம் செய்யும் பெரிய உபகாரம், நிற்கிற நீரைச் சீக்கிரம் ஓட வைப்பது. மாசியில் குழாயடியில் குடம் வரிசை கட்டும்போது இதே நீரைத்தான் தேடுவோம், லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக்கொண்டு.

மூடுவதில் எங்கள் ஊருக்கு ஒரு வரலாறே உண்டு. அதன் நாயகர் எங்கள் ஊர்ப்பேரைத் தன் பேருக்கு முன்னால் வைத்திருப்பவர். 2017 ஏப்ரலில் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜூ வைகை அணைக்குப் போனார். நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார்கள். பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்றார்கள். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று அடித்தது. அட்டைகள் கரைக்குத் திரும்பின. தமிழ்நாடு அன்று சிரிக்க ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை.

நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் அவர் பக்கம் நின்று ஒரு வார்த்தை பேசத் தோன்றுகிறது. யோசனை ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டது. அவர்களுடைய முதல் கவலை ஆவியைப் பற்றிக்கூட இல்லை, வெயில் பட்டு நீரில் உருவாகும் நச்சைப் பற்றி. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. மதுரை வட்டாரத்து நீரின் மேல் போடப்பட்ட மூடிகளில், தானாகக் கழன்று கரைக்கு வந்தது அந்தத் தெர்மாகோல் ஒன்றுதான். மற்ற மூடிகள் எதுவும் காற்றில் பறக்கவில்லை. கல்லும் கம்பியும் கலவையுமாகப் போட்ட மூடிகள் அவை. அவற்றைப் போட்டவர்களை யாரும் மீமில் போடவில்லை. கல்வெட்டில் போட்டார்கள்.

கல்வெட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2004 ஜூலை 24-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. தென்மாவட்டத்துக்காரர்கள் வழக்குக்காக ராத்திரி ரயில் பிடித்துச் சென்னை போன கொடுமை தீர்ந்தது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. கட்டிய இடம் உலகனேரி கண்மாய். நீர்நிலைகளைக் காக்கச் சொல்லி அந்தக் கட்டடத்திலிருந்து வெளிவந்த உத்தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இன்னொரு கண்மாய்க்குக் கரையே போட்டுவிடலாம். 2017-இல் மாவட்டம் மாவட்டமாகச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொன்னதும் அங்கிருந்துதான். கண்மாய் ஆக்கிரமிப்பு வழக்கைக் கண்மாய்க்குள் உட்கார்ந்து விசாரிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. சம்பவ இடத்தைப் பார்வையிடத் தனியாகப் போக வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றலுக்கும் என்றே சட்டமன்றம் ஒன்றை இயற்றியது. அது எப்படி வேலை செய்யும் தெரியுமா? கரையோரத்தில் தகரக் கூரை போட்டுக் கிடப்பவரின் வாசலில் நோட்டீஸ் ஒட்டும். பிள்ளைகளின் பள்ளிப் பை தெருவில் கிடக்க, ஜேசிபி வரும். கண்மாயின் நடு வயிற்றில் நாலு மாடி எழுப்பிய அரசு அலுவலகத்தின் வாசலில் ஒட்டாது. அந்தக் கதவுக்கு நல்ல வார்னிஷ், பசை பிடிக்காது போலிருக்கிறது.

மதுரையின் வடகரையில் நடந்து பாருங்கள். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபிகுளம். முகவரியில் குளம் இருக்கிறது, இறங்கிக் கால் நனைக்கத்தான் இடமில்லை. செத்தவர் பேரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். இங்கே குளத்தைப் புதைத்துவிட்டு அதன் பேரைப் பேருந்து நிறுத்தத்துக்கு வைத்தோம். சென்னைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட இலக்கிய ரசனை கூடியவர்கள். கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு மழையைப் பற்றிப் பத்துக் குறள் எழுதி வைத்தவருக்கு 1976-இல் ஒரு கோட்டம் திறந்தார்கள். எங்கே? நுங்கம்பாக்கம் ஏரியைத் தூர்த்த இடத்தில்.

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொல்லும் யோசனையை நீர் சம்பந்தமான எந்தக் கூட்டத்திலும் கேட்கலாம். நிலம் குழிந்த இடமாகப் பார்த்து நீரைத் தேக்கு என்கிறார் புலவர். பாண்டியனின் தலைநகரில் அதை நாங்கள் இன்றும் அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறோம். நிலம் எங்கெல்லாம் குழிந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய்த்தான் அடிக்கல் நாட்டுகிறோம். பள்ளமான நிலம் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் இழப்பீடு கிடையாது. இழப்பீடு கிடையாது என்றால் பேருந்து நிலையம், அலுவலகம், கல்லூரி எல்லாவற்றுக்கும் அதைவிடத் தோதான இடம் ஏது?

கல்லூரிக்கு வருவோம். ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள், எங்களை ஏன் விட்டீர்கள் என்று.

அந்த வளாகத்தின் பின்பக்கம் ஓர் ஓடை இருந்தது. வளாகத்துக்கு நூறு வருஷம் மூத்தது. முதலில் அதன்மேல் சைக்கிள் நிறுத்தம் வந்தது. பிறகு கேன்டீன். பிறகு கணினி ஆய்வகம். ஐப்பசி வந்தால் ஓடை தவறாமல் கணினி ஆய்வகத்துக்கு வந்துவிடும். சேர்க்கை எண் கிடையாது, கட்டணம் கட்டியதில்லை, ஆனால் வருகைப் பதிவில் எந்த மாணவனும் அதனோடு போட்டி போட முடியாது. இத்தனை வருஷம் அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு நாள் நிர்வாகத்துக்கு ஓடையின் மேல் பாசம் பொங்கியது. கல்லூரிகளைத் தரம் மதிப்பிடும் நாக் குழு வரப்போகிறது.

தரமதிப்பீட்டின் ஏழாவது பிரிவில் கேட்கிறார்கள்: வளாகத்தில் மழைநீர் சேகரிப்பு உண்டா, ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரூட்டம் உண்டா, குளமும் கரையும் உண்டா, நீர்நிலைகளைப் பராமரிக்கிறீர்களா? ஜியோடேக் போட்ட படத்தோடு பதில் தர வேண்டும். மதிப்பெண் உண்டு. உடனே குழு அமைந்தது. "இயற்கை நீர்ப்பிடிப்புப் பகுதி மற்றும் வனவிலங்கு வாழிட மீட்பு மையம்". ஒருங்கிணைப்பாளராகத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரைப் போட்டார்கள், வாசகம் எழுத வசதியாக இருக்கும் என்று. விலங்கியல்துறைக்காரர் கேள்வி கேட்பார், அதனால் அவரை விட்டுவிட்டார்கள்.

மீட்புப் பணி புல்லை வெட்டுவதில் தொடங்கியது. ஓடைக்கரையில் நாணலும் கோரையும் மண்டிக் கிடந்தன. தாழைக்கோழி குஞ்சு பொரிக்கிற மறைவு அது, தட்டான் முட்டையிடுகிற தண்டு அது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒரே நாளில் மழித்தார்கள். பிறகு குளம். பொக்லைன் வந்து செவ்வகமாக ஒரு பள்ளம் தோண்டியது. அடியிலும் பக்கத்திலும் சிமென்ட். அதன்மேல் நீல வர்ணம், தண்ணீர் இல்லாத நாளிலும் படத்தில் தண்ணீர் இருப்பதுபோல் தெரிய. அடியைப் பூசிவிட்டால் நீர் எப்படி நிலத்துக்குள் இறங்கும் என்று மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். உன் இன்டர்னல் மதிப்பெண் எவ்வளவும்மா என்று அன்போடு விசாரித்தார்கள்.

வாழிடம் என்றால் விலங்கு வேண்டும். பைபரில் இரண்டு கொக்கு வாங்கி வைத்தார்கள். ஒன்று நின்ற கோலம், ஒன்று சிறகு விரித்த கோலம். வயிற்றுக்குள் பல்பு. மான் ஒன்று, முயல் இரண்டு, அவை குப்பைத்தொட்டி. வாய் வழியாகக் குப்பை போடலாம். கிண்டிக் காட்டிலிருந்து நிலம் எடுத்து 1959-இல் தொடங்கிய சென்னை ஐஐடி வளாகத்தில் வெளிமான்கள் நிஜமாகவே மேய்கின்றன. நிஜ மானுக்குப் புல் வேண்டும், இடம் வேண்டும், தெருநாயிடமிருந்து காவல் வேண்டும், ஆயிரம் தொல்லை. பைபர் மானுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் போதும்.

திறப்புவிழாவைப் பிப்ரவரி 2-க்கு வைத்தார்கள், உலக ஈரநில நாள். சால்வைகள், பூங்கொத்துகள், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். சிறப்பு விருந்தினர் மரக்கன்று நட்டார். போன வருஷம் நட்ட அதே குழிதான். கன்று போனாலும் குழியை வீணாக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது. வாழிடம் என்ற பலகையை எப்படியோ படித்துவிட்டுச் சாரைப்பாம்பு ஒன்று வந்து சேர்ந்ததுதான் வினை. தவளையைத் தேடி வந்திருக்கும். தவளை மழைத் தண்ணீரைத் தேடி வந்திருக்கும். அப்படித்தான் ஒரு வாழிடம் உருவாகும், ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்று. வளாகத்தில் ஓட்டம், கூச்சல், தீயணைப்புத் துறைக்குப் போன். பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஒருங்கிணைப்பாளர் சுற்றறிக்கை எழுதினார்: வாழிடத்துக்குள் விலங்குகள் நுழையாமல் இருக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

கற்பனை என்றுதான் தொடங்கினேன். எத்தனை பேர் தங்கள் கல்லூரியை நினைத்துக்கொண்டு படித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வளாகத்து ஓடையை மீட்கவே முடியாதா என்றால், மீட்டவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குள் ஸ்டிராபெரி ஓடை என்று ஒன்று ஓடுகிறது. அந்த இடத்தில் பல்கலைக்கழகம் வந்ததற்கு ஒரு காரணமே அந்த ஓடைதான். வந்தபின் அவர்களும் நம்மைப் போலத்தான் நடந்துகொண்டார்கள். குழாய்க்குள் திணித்தார்கள், மேலே கட்டினார்கள், கழிவை விட்டார்கள். 1980-களில் அது செத்த ஓடை. 1987-இல் அதற்கு ஒரு மீட்புத் திட்டம் போட்டார்கள். அவர்கள் முதலில் செய்த வேலையைக் கவனிக்க வேண்டும். கொக்கு பொம்மை வாங்கவில்லை. எந்தக் கட்டடத்தின் எந்தக் குழாய் திருட்டுத்தனமாக ஓடையில் கழிவை விடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அறுத்தார்கள். கரை அரிப்பைக் கட்டுப்படுத்தினார்கள். நீர் தெளிந்ததா என்று பார்த்தார்கள். அதன் பிறகுதான், 1989-இல், ஸ்டிக்கிள்பேக் என்ற விரல் நீள மீனை ஓடையில் விட்டார்கள். மீன் பிழைத்தது. அதே ஊரில், அதே ஓடையின் ஒரு துண்டு மண்ணுக்குள் குழாயில் கிடந்தது. 1984-இல் மேலிருந்த கான்கிரீட்டை உடைத்து வெயில் காட்டினார்கள். அவர்கள் செலவழித்தது திறப்பதற்கு.

பெர்க்லிவரை டிக்கெட் போட வேண்டாம். செல்லூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு. எதிரே தியாகராசர் கல்லூரி. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது கிரிக்கெட் மைதானம். தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் எப்படியாவது நீர் நிரப்புவார்கள், அப்புறம் மறுபடி பிட்ச். சில வருஷங்களுக்கு முன் வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து நீரை உள்ளே விட்டார்கள். அவ்வளவுதான். நீல வர்ணம் அடிக்கவில்லை, பைபர் கொக்கு வைக்கவில்லை. குளம் நிரம்பிக் கிடக்கிறது. வரத்துக்கால் ஒன்றைத் திறந்துவிட்டதற்கே இவ்வளவு.

திறப்பதில் நம் ஆட்சியாளர்களுக்கு ஆசையே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். ஒரே ஓர் இடத்தைத் திறக்க ஆசைப்பட்டார்கள், அரிட்டாபட்டியை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். பாறையிலிருந்து சுனை கசிந்து ஏரி நிரம்பும், ராஜாளிகள் வட்டமிடும். அதையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துச் சுமார் 5,000 ஏக்கரை 2024 நவம்பரில் டங்ஸ்டன் தோண்ட டெல்லி ஏலம் விட்டது. மேலூர்ப் பக்கத்துச் சனம் 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளத்துக்கு நடந்தே வந்தது. அதே மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்து. அங்கே ஆயக்கட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் நடக்கக் கால்கள் இருந்தன. செல்லூர் கண்மாய்க்காக நடக்க யார் இருக்கிறோம்? நாங்கள் அதன் ஆயக்கட்டின்மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள். நடந்தால் எங்கள் வாசலிலிருந்துதான் நடக்கத் தொடங்க வேண்டும்.

என் வாசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 ஐப்பசிக்குப் பிறகு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நிலைப்படிக்கு முன்னால் ஒரு சின்னத் திண்டு முளைத்திருக்கிறது. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கச் செங்கல் தடுப்பு. எதிர்வீட்டில் மூன்று வரி வைத்தார்கள். பக்கத்துவீட்டில் நாலு. எங்கள் வீட்டில் இரண்டுதான் இருந்தது. போன வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் தெருவை அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

"அண்ணே, எல்லாரும் ஏத்திட்டாய்ங்க. இனி வர்ற தண்ணி பூராவும் அந்தக் கடைசி வீட்டுக்குள்ளதான் போகும். அந்த ஆத்தா ஒத்தையில இருக்கு. பரவாயில்லையா?"

எத்தனை செங்கல் ஆகும் என்று கேட்டேன்.